கிரீடன்ஸ் குழுவின் கோபம்

வியட்நாம் போர்க்கால இசை பற்றி நான் வாசித்த கட்டுரை ஒன்று, அமெரிக்க ராக் இசைக் குழுவான கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலை ஒரே வரியில் கடந்துபோவது வருத்தமளிக்கிறது. 1969இல் வெளியான ‘ஃபார்ச்சுனேட் சன்’ ஒன்று போதுமே! இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. டிரம்ஸ் அதிர, கிட்டார் கூராக நுழைய, குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி தொண்டை கிழியப் பாடுகிறார். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள, வசதியற்றவர்கள் போர்முனைக்குப் போன அநியாயத்தை முகத்துக்கு நேரே கேட்கும் பாட்டு அது. ஃபோகர்ட்டியும் 1966இல் கட்டாய ராணுவ அழைப்பு வந்து, ரிசர்வ் படையில் பணியாற்றியவர்தான். அதனால்தானோ என்னவோ, அவர் கோபம் சிப்பாய்கள்மீது துளியும் பாயவில்லை. அவர்களை அனுப்பியவர்கள்மீதே பாய்கிறது. அடுத்த ஆண்டு வந்த ‘ஹூல் ஸ்டாப் த ரெயின்’ பாடலையும் அவசியம் கேளுங்கள். கத்தல் இல்லை, ஆனால் மனதைப் பிசைந்துவிடும்.