வேலை திரும்பியது, பி.எஃப். திரும்பவில்லை

கொரோனாவுக்குப் பிறகு வேலைவாய்ப்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பழைய வட ஆற்காட்டுத் தோல் தொழில் ஊர்களுக்கு, எங்கள் ஆம்பூருக்கு, ஒருமுறை வந்து பாருங்கள். 2020 ஊரடங்கில் ஷூ கம்பெனியிலிருந்து நிறுத்தப்பட்ட என் சித்திக்கு மறுபடி வேலை கிடைத்தது உண்மைதான். ஆனால் கம்பெனிக்குள் இல்லை, வீட்டுத் திண்ணையில். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூ மேல்தோலை ஊசியும் கெட்டி நூலும் வைத்துக் கையாலேயே தைத்துக் கொடுக்க வேண்டும். கூலி ஜோடிக் கணக்கு. விரல் முனையெல்லாம் வெடிப்பு. முன்பு சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருந்தது. இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர்தான்.

வீட்டில் பீடி சுற்றுகிறவர்களும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் வீட்டில் ஷூ தைப்பவருக்கு ஏன் இல்லை? அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்து ஒன்றிய அரசு தரும், 2021-இல் வந்த இ-ஷ்ரம் அட்டையைச் சித்தியும் வாங்கி வைத்திருக்கிறார். அதை வைத்து எந்தக் கம்பெனியையும் பி.எஃப். கட்டவைக்க முடியாது. ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியை அரசு முதலில் பொறுப்பாக்கட்டும்.