முகப்பே இல்லாத கட்டடம்

எங்காவது கலாசார மையம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், "இந்த மண்ணின் இயற்கையிலிருந்து பிறந்த வடிவமைப்பு" என்று ஒரு வரியும் கூடவே வந்துவிடும். படத்தைப் பார்த்தால் தாமரை, அலை, இல்லையென்றால் மலைச்சிகரம். அதுவும் டிரோனில் பறந்து பார்த்தால்தான் தெரியும். நிலத்தின் உருவத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

போபாலில் இருக்கும் பாரத் பவன் என்ற கலை மையத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தது. 1982 பிப்ரவரியில் இந்திரா காந்தி திறந்துவைத்தார். ஷாம்லா குன்றின் சரிவு, கீழே பெரிய ஏரி. அப்படி ஓர் இடம் கிடைத்தால் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி உயரமாக எதையாவது நிறுத்தத்தான் கை பரபரக்கும். கொரியா கட்டடத்தைச் சரிவுக்குள்ளேயே இறக்கிவிட்டார். வாசலில் நுழைந்தால் கட்டடம் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. செடியும் புல்லுமாக மொட்டைமாடிகள் படிப்படியாக ஏரியை நோக்கி இறங்கும், நடுநடுவே பள்ளமாக முற்றங்கள். நாம் நடந்துகொண்டிருப்பது கூரைமேல் என்பதே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். முற்றத்தில் இறங்கிய பிறகுதான் சுற்றிலும் காட்சிக்கூடங்கள், நாடக அரங்கு, கவிதைக்கென்றே ஒரு நூலகம் எல்லாம் தெரியும்.

திறப்பு விழாப் படத்துக்கு ஒரு முகப்புகூட இல்லாத கட்டடத்துக்கு ஒரு மாநில அரசு சம்மதித்திருக்கிறது! இன்றைக்கு இந்த வரைபடத்தைக் கொண்டுபோனால் "பில்டிங் எங்கே சார்?" என்று கேட்பார்கள்.

கொரியாவின் கணக்கு எளிமையானது. நம் வெயிலில் காலையிலும் மாலையிலும் வெட்டவெளிதான் சுகம், உச்சிப்பொழுதில் நிழல் வேண்டும். மாடி காலை மாலைக்கு, முற்றம் உச்சிவெயிலில் நிழலுக்கு. கூரையிலிருந்து மேலே எழும்பும் கான்கிரீட் கூடுகள் வழியாகக் கீழே வெளிச்சம் இறங்குகிறது. முற்றத்தைப் பார்த்த திறப்புகளுக்கு இரண்டு அடுக்கு: உள்ளே கண்ணாடியும் காற்றுக்குத் திறக்கும் பலகைகளும், வெளியே இரவில் சாத்திவைக்கப் பெரிய மரக்கதவுகள்.

தோஹாவில் 2019-இல் திறந்த கத்தார் தேசிய அருங்காட்சியகத்தை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல், பாலைவன மணலில் இதழ் இதழாக உருவாகும் 'பாலைவன ரோஜா' எனும் படிகத்தின் உருவத்தில் கட்டியது. அழகுதான், துருத்தி நிற்கும் தட்டுகள் நிழலும் தருகின்றன. ஆனால் அந்தப் படிகத்தின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அது அந்த நிலத்துக்கு உரியது என்று புரியும். பாரத் பவனுக்கு விளக்கம் தேவையில்லை, கால் சரிவில் இறங்கும்போதே புரிந்துவிடுகிறது.

அப்புறம் உள்ளே வைத்தது. பாரத் பவனின் ரூபங்கர் கலைக்கூடத்தை அமைத்த ஓவியர் ஜே. சுவாமிநாதன் (சிம்லாவில் பிறந்த தமிழர்) மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பிப் பழங்குடிக் கலையைத் திரட்டி, நகரத்து நவீன ஓவியங்களுக்குச் சமமாக வைத்தார். பாட்டன்கர் கிராமத்து கோண்டுப் பழங்குடிக் கலைஞர் ஜங்கர் சிங் ஷ்யாம் வெளியுலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். சுவருக்குள் அந்த மண்ணின் ஆட்கள் இல்லாமல், வெளியே மட்டும் மண்வாசனை பேசும் மையங்கள் எத்தனையோ!

குறை? படிகள். சரிவில் இறங்கும் கட்டடத்தில் முழங்கால் வலிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான், சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இனி குன்றில் கட்டுகிறவர்கள் கொரியாவின் மாடிகளையும் முற்றங்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், சாய்தளத்தை முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடட்டும்.