கிரைண்டருக்கு முன்னால் கிடந்த பலகை

காங்கேயம் பக்கம் என் அப்புச்சி கட்டிய ஓட்டு வீட்டில், கிரைண்டருக்கு முன்னால் எப்போதும் ஒரு மரப்பலகை கிடக்கும். மாவாட்டப் போனால் அம்மிச்சி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "பலகை மேல நின்னு ஆட்டு கண்ணு, வெறுங்கால்ல தொட்டா சுருக்குங்கும்." நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அப்படித்தான். அதை ஒரு கோளாறு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாக அடிக்கும், அவ்வளவுதான்.

என் தங்கை பையன் காதுகுத்துக்காக மாமா ஆசாரத்துக்கு டைல்ஸ் போட்டு, வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தார். பெயின்டருக்காக சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். வயர்மேன் மெயினை அணைத்துவிட்டு உள்ளே விரலை வைத்ததும், வயர் மேலிருந்த ரப்பர் வறுத்த கடலைத் தோல் மாதிரி உதிர்ந்தது. இரண்டு கம்பிகள் வெறுமனே நின்றன. நடுவில் ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. மேலே மரப்பட்டி வழியாகப் போன வயரும் அதே கதிதான். "இத்தனை நாளா லைட்டு நல்லாத்தானுங்க எரிஞ்சுது" என்றார் மாமா.

அங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். லைட் எரிவது வேறு, வயர் நன்றாக இருப்பது வேறு. வீட்டில் தீப்பிடித்தால் பேப்பரில் 'மின்கசிவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், ஏதோ அன்றைக்குத்தான் கசிந்தது போல. பல வீடுகளில் அது வருசக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கும்.

அப்புச்சி வயரிங் செய்தது நாலு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும். அதே வயரில் இன்று பிரிட்ஜ், ஏசி, ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. 2000 வாட் ஹீட்டர் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூட்டில்தான் ரப்பர் காய்ந்து மொறுமொறுப்பாகிறது.

பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மெல்லிய பீஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வயரைச் சீவி எடுத்த செம்புக் கம்பியை நாலைந்து இழையாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். அடிக்கடி பீஸ் போகிறதே என்று யாரோ செய்த வேலை. பீஸ் உருகாவிட்டால் அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயர்தான். இதைப் படிக்கிறவர்கள், வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் உங்கள் பீஸ் கட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பலகைக்கு வருகிறேன். கிரைண்டர் மோட்டாரிலிருந்து கரண்ட் அதன் உடம்புக்குக் கசிந்திருக்கிறது. பிளக்கில் எர்த் பின் இருந்தது, ஆனால் கசிகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டிய எர்த் வயரே பிளக் பாயின்ட்டுக்கு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் இருந்த எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின மண் இது. மோட்டாரும் பம்பும் செய்து நாடு முழுக்க அனுப்புகிறோம். நம் வீட்டுப் பெண்கள் ஈரக்கையோடு பலகை மேல் நின்று மாவாட்டுவதை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டோம்? அம்மிச்சியிடம் ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

பீஸும், கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்து விழுகிற எம்.சி.பி. சுவிட்சும் அம்மிச்சியைக் காப்பாற்றாது. அவை விழுவதற்குப் பல ஆம்பியர் ஓட வேண்டும். ஆள் உயிரை எடுக்க அரை ஆம்பியர்கூட வேண்டாம். அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், கண்ணிமைக்கிற நேரத்தில் லைனை வெட்டிவிடும். டைல்ஸுக்கு ஆன செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்டை அடுத்த வருசத்துக்குத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை, வயரை மாற்றுங்கள்.

அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி.யை மாட்டிய முதல் நாளே மூன்று தடவை விழுந்தது. "இது ரோதனையா இருக்குது, கழட்டிருங்க" என்று மாமா சொல்லிவிட்டார். வயர்மேன் கேட்கவில்லை. அவர் போட்டது எல்லாம் புது வயர், அதனால் கோளாறு சாமானில்தான் என்றார். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி மாட்டிப் பார்த்தார். கிரைண்டரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். அது ஒரு தடவை விழவைத்தது. மற்ற இரண்டும் பாத்ரூம் ஹீட்டர். குழந்தைகளைக் குளிக்கவைக்கிற பாத்ரூம்.