"உங்கள் பகுதி டீலரைத் தொடர்புகொள்ளவும்"

நேற்று போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். எங்கள் வாக்கி-டாக்கி செட்டின் உள் அமைப்புகளை மாற்றும் புரோகிராமிங் சாஃப்ட்வேரைக் கேட்டு, அதைத் தயாரித்த கம்பெனிக்கு நான்கு மெயில் போட்டு, பில், சீரியல் நம்பர், செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோ எல்லாம் அனுப்பி, பதினோரு நாள் காத்திருந்து வாங்கின பதில் ஒரே வரி: "உங்கள் பகுதி டீலரைத் தொடர்புகொள்ளவும்." டீலர் கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது என்பதுதான் என் முதல் மெயிலின் முதல் வரியே. சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அடுத்த மெயில் அனுப்பினார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

நான் இலவசமாக எதையும் கேட்கவில்லை. காசு கொடுக்கிறேன், புரோகிராமிங் சாஃப்ட்வேரைக் கொடுங்கள் என்றேன், அவ்வளவுதான். எங்களிடம் பன்னிரண்டு செட் இருந்தது, ஒன்று விழுந்து உடைந்தது, அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கினோம். மற்ற பதினொன்றும் 94.8 ஹெர்ட்ஸ் டோனில் இருக்கின்றன. டோன் என்றால் பேச்சோடு சேர்ந்து போகும், நம் காதுக்கு வராத ஒரு தாழ்ந்த ஒலி; அது பொருந்தினால்தான் எதிர் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். புதிதில் 88.5 போட்டு வந்திருக்கிறது. அலைவரிசை சரி, பேட்டரி சரி, ஆன்டெனா சரி. நாங்கள் பேசும்போது அதன் தலையில் பச்சை விளக்குகூட எரிகிறது, அதாவது அலை போய்ச் சேருகிறது. டோன் பொருந்தாததால் ஸ்பீக்கர் மட்டும் திறக்காது. அதில் பேசினால் எங்களுக்கும் கேட்காது. சாஃப்ட்வேர் இருந்தால் செட்டைப் படித்து, திரையில் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை மாற்றி, திரும்ப எழுதிவிடலாம். இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பதினோரு நாள்.

பழைய செட்டிலிருந்து காப்பி எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் சாஃப்ட்வேர் வேண்டும். அதுவும் போக, பழைய டீலர் எல்லா செட்டிலும் ரீட் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார். பாஸ்வேர்டு அவரோடு போயிற்று. பணம் கொடுத்தது நாங்கள், அலைவரிசை உரிமம் எங்கள் பெயரில், சொந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் எங்களுக்கு அனுமதி இல்லை.

இந்த செட் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணனிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. கீல் உடைந்து, ஸ்கிரீனைச் சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் அன்றைய சாஃப்ட்வேர் சிலது வேகமான கம்ப்யூட்டரில் ஓடவே ஓடாது, நேரக் கணக்கு தப்பிவிடும். அதனால் அந்தக் கிழட்டு லேப்டாப்பை யாரையும் தொட விடமாட்டார். சீரியல் போர்ட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி. செட்டில் எதை மாற்றுவதற்கு முன்னாலும் உள்ளே இருப்பதைப் படித்து ஃப்ளாப்பியில் சேமித்து, லேபிளில் பென்சிலால் தேதி எழுதுவார். "படிக்காம எழுதாதடா" என்பார். செட்டைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று கடைசி வரை தெரியவில்லை. அன்றைக்கும் சாஃப்ட்வேர் சும்மா வரவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் வாங்க முடிந்தது!

அப்புறம், கமென்டில் வந்த அறிவுரைகள். "சிர்ப் இருக்கே, ஃப்ரீதானே?" இருக்கிறது, பல கம்பெனி செட்டுகளைப் புரோகிராம் செய்யும் நல்ல இலவச சாஃப்ட்வேர், எழுதுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. பொழுதுபோக்காக ரேடியோ பேசுகிறவர்களின் அமெச்சூர் செட்டுகளுக்கும் மலிவு செட்டுகளுக்கும் அருமையாக வேலை செய்யும். எங்கள் மாடல் அதன் பட்டியலில் இல்லை. "கேபிள் ஆன்லைனில் கிடைக்குமே?" செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிள்தானே, கிடைக்கும். அதற்குள் இருக்கிற யுஎஸ்பி சிப் அசலா போலியா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனியின் டிரைவர், அதன் சிப்பைப் போலச் செய்த போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, கம்ப்யூட்டருக்கே அவற்றைத் தெரியாமல் செய்துவிட்டது. தெரியாமல் போலியை வாங்கினவனுக்குத்தான் அடி.

"எல்லோருக்கும் சாஃப்ட்வேர் கொடுத்தால் எவனாவது தீயணைப்பு அலைவரிசையில் போய்ப் பேசுவான்" என்கிறார் ஒருவர். நியாயமான பயம், மறுக்கவில்லை. ஆனால் கீபேடிலேயே அலைவரிசையைத் தட்டிப் பேசுகிற மலிவு செட் ஊரெல்லாம் கிடைக்கிறது. கெட்டது செய்ய நினைப்பவன் அதை வாங்குவானா, பில்லையும் உரிமத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டுப் பதினோரு நாள் காத்திருப்பானா? ரகசியப் பேச்சுக்கான என்கிரிப்ஷன் சாவி வெளியே போகும், திருட்டு செட்டை மாற்றி எழுதுவார்கள் என்றெல்லாம் கமென்டில் சொன்னீர்கள். அதையெல்லாம் தனியாகப் பூட்டிக்கொள்ளுங்கள், நான் கேட்டது ஒரு டோன்.

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் செட் டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையிலும் பேசும். ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி 2005-ல் வெளியிட்ட பொதுத் தரம் அது. ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் நேரத்தைப் பங்குபோட்டு இரண்டு பேச்சு, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், ஒரு கம்பெனி செட் இன்னொரு கம்பெனி செட்டோடு பேசும். காற்றில் அத்தனையும் பொது. செட்டுக்குள் கலர் கோடு, அதாவது டிஎம்ஆரில் டோனைப் போன்ற எண், 1-ஐ 2 ஆக்க வேண்டுமென்றால் மட்டும் ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்வேர், ஒரு கேபிள், ஒரு டீலர்.

எனக்கு வலித்தது கம்பெனியின் பதில்கூட இல்லை. நம் ஆட்களில் ஒருவர், பல வருடப் பழக்கம், "இவ்வளவு துடிக்கிறதைப் பார்த்தா வேற ஏதோ நோக்கம் இருக்கு" என்று எழுதி ஒரு சிரிப்பு எமோஜியும் போட்டார். இருபது வருடமாக மற்றவர்கள் செட்டைத் திறந்து, சுத்தம் பண்ணி, பாதி நாள் காசுகூட வாங்காமல் திருப்பிக் கொடுத்தவனுக்கு வேற நோக்கம். அவருடைய இரண்டு செட்டும் அதில் அடக்கம். சரி, இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இன்பாக்ஸில் கிராக் லிங்க், அதாவது பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேருக்கான லிங்க், அனுப்புவதை நிறுத்துங்கள். நேற்று மட்டும் நான்கு வந்தது. ஒன்றைத் திறந்தேன், ஆன்டிவைரஸ் அலறியது. இன்னொன்று வேறு மாடலுடையது. மற்ற இரண்டையும் இன்னும் திறக்கவில்லை.