எழும்பி நின்றேன், பாடவில்லை

சரி, அந்தப் பதினெட்டு விநாடி வீடியோவைப் பார்க்காத சொந்தக்காரர் இனி எனக்கு யாரும் இல்லை என்று நினைக்கிறேன். கனடாவில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் போய்விட்டது. போன் எடுத்தவர் சுகம்கூட விசாரிக்கவில்லை. "என்னடா தம்பி, உனக்கென்ன பிரச்சினை?" என்றுதான் தொடங்கினார்.

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கள் தமிழ் வகுப்பு மாஸ்டருக்கு மன்னர் பெயரில் கொடுக்கும் பதக்கம் கிடைத்ததில் உங்கள் எல்லோரையும்போல் எனக்கும் சந்தோசம்தான். மழை, பனி பாராமல் முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கவே கொடுத்த மனிதர். பாராட்டு விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். காலையில் கதிரை அடுக்கியதும் நான். கதிரை அடுக்கியதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கடைசியில் 'காட் சேவ் த கிங்', அதுதான் பிரித்தானிய தேசிய கீதம், போட்டார்கள். எல்லோரோடும் எழும்பினேன். பாடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஏனென்றால் ஹீற்றர் வேலை செய்யாத மண்டபம். சாப்பிடும்போது ஒரு அண்ணை ஏன் பாடவில்லை என்று கேட்டார். "இந்த நாட்டுச் சனத்திட்ட ஒருக்கால் கேக்கட்டும் அண்ணை, மன்னர் வேணுமோ வேண்டாமோ எண்டு. வேணும் எண்டால் இருக்கட்டும்" என்றேன். அந்தப் பதில் வீடியோவில் இல்லை. கை கட்டிய பகுதியும், அதற்கு மேல் 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்ற எழுத்தும் மட்டும் இருக்கின்றன.

திரும்பவும் சொல்கிறேன். மன்னராட்சியை ஒழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள் என்றேன். கேட்பது துரோகமா?

கேட்டால் என் பக்கம்தான் தோற்கும். அது தெரிந்துதான் சொல்கிறேன். 2023 ஏப்ரலில், முடிசூட்டு விழாவுக்குக் கொஞ்சம் முன்னால், பிபிசிக்காக யூகவ் என்ற நிறுவனம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. மன்னர் இருக்கட்டும் என்றவர்கள் 58 வீதம், தேர்ந்தெடுத்த ஒருவர் வேண்டும் என்றவர்கள் 26 வீதம். நாளைக்கே வாக்கெடுப்பு வைத்தாலும் மன்னர் சார்ள்ஸ் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அதே கணிப்பில் 18 முதல் 24 வயது வரையான பிள்ளைகளைப் பாருங்கள்: மன்னர் பக்கம் 32, தேர்ந்தெடுத்தவர் பக்கம் 38. அறுபத்தைந்து தாண்டியவர்களில் 78 வீதம் மன்னர் பக்கம். மண்டபத்தில் உரத்த குரலில் பாடியவர்களின் வயதும் கிட்டத்தட்ட அதுதான், குறை சொல்லவில்லை.

"வயசு போகப் போக அதுகளும் மாறியிடுங்கள்" என்றார் அதே அண்ணை. மாறலாம். ஆனால் 1983-இல் பிரித்தானிய சமூக மனப்பாங்கு ஆய்வு இதே விசயத்தைக் கேட்டபோது, மன்னராட்சி தொடர்வது மிக முக்கியம் என்றவர்கள் 65 வீதம். நாற்பது வருடம் கழித்து அப்படிச் சொல்பவர்கள் அதில் பாதிகூட இல்லை. அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு அறுபது தாண்டிவிட்டது. வயது போனால் எல்லோரும் அரண்மனைப் பக்கம் சாய்வதென்றால் மொத்தக் கணக்கு ஏன் இறங்கியது? வெறுப்பால் இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு மன்னர்மேல் கோபம் கிடையாது. "அவர் என்ன செய்கிறவர் அப்பா?" என்று கேட்டாள், பஸ் ஓடாத ஏதோ ஒரு வழித்தடத்தைப் பற்றிக் கேட்பதுபோல. அரண்மனை என்னைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அந்தக் கேள்வியைப் பற்றிக் கவலைப்படட்டும்.

இப்போது, நான் 'நன்றி கெட்டவன்' என்ற பேச்சு. இதுதான் உண்மையில் சுட்டது.

நான் சத்தியம் செய்தவன். டவுன் ஹாலில், மகாராணியின் படத்துக்கு முன்னால், வாடகைக்கு எடுத்த கோட்டோடு நின்று, இரண்டாம் எலிசபெத் மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் அவர்களுக்குப் பின் வருவோருக்கும் சட்டப்படி விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னேன். முதல்நாள் இரவு பெற்றோல் செட்டில் வேலை. விடிய ஆறு மணிக்கு முடித்து, ஒரு மணித்தியாலம் படுத்துவிட்டுப் போனேன். 'வாரிசுகளுக்கும்' என்ற இடத்தில் நாக்குத் தடுமாறியது. பயத்தில் இல்லை, நித்திரையில். இங்கே பிறந்த என் மகளிடம் இந்தச் சத்தியத்தை யாரும் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை. எம்.பி.யாகவோ பொலிசாகவோ படையிலோ சேர்ந்தால்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மன்னரைப் பற்றிப் பப்பில் இருந்து என்னவெல்லாம் சொல்கிறார் தெரியுமா? அவருக்கு அது நகைச்சுவை. எனக்கு மட்டும் இரண்டகம்.

இன்னொன்று. அதே விழாவில் இரண்டாவது உறுதிமொழி ஒன்றும் உண்டு: இந்த நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைப் பேணுவேன் என்று. அதையும் நான்தான் சொன்னேன். மக்களிடம் கேளுங்கள் என்று சொல்வது எந்த உறுதிமொழியை மீறுகிறது? 'சட்டப்படி' என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்த முடி பாராளுமன்றச் சட்டத்தில் நிற்பது. 1701-இல் யார் வாரிசு என்று சட்டம் போட்டார்கள். கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது என்பது அதில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 2013-இல் திருத்தி, மூத்தது பெண்ணாக இருந்தால் அவளுக்கே முன்னுரிமை என்றார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1649-இல், இதே பெயர்கொண்ட ஒரு சார்ள்ஸின் தலையையே வெட்டி, பதினொரு வருடம் மன்னர் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டவர்கள். நான் வாயை அசைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அவையின்ரை சோத்தைத் திண்டிட்டு" என்று ஒருவர் குரல் செய்தி போட்டிருந்தார். ஐயா, எந்தச் சோறு? நான் இங்கே இருக்கலாமா என்ற வழக்கைக் கேட்டு ஓம் என்றது ஒரு நீதிபதி. முதல் வேலை தந்தது ஒரு குஜராத்திக்காரர். அந்த மாதத்திலிருந்து வரி கட்டுகிறேன். அரண்மனைக்கு ஆண்டு மானியம் நான்கு வருடம் 8 கோடியே 63 இலட்சம் பவுண்ட்ஸாக இருந்து, 2025-26-இல் 13 கோடியே 21 இலட்சமாக ஏறியது. பக்கிங்காம் அரண்மனைத் திருத்த வேலைக்கு என்றார்கள். வீடு திருத்தட்டும், பழைய வீடு. ஆனால் யார் யாருடைய சோற்றைச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போமா? பெரிய சொத்து விட்டுப்போகிற சாதாரண மனிதரின் பிள்ளை எல்லைக்கு மேற்பட்டதற்கு 40 வீதம் கட்டவேண்டும். மன்னரிடமிருந்து மன்னருக்குப் போவதற்கு வாரிசு வரி இல்லை, 1993-இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு. காசு என் வாதம் இல்லை. சோறு என்றதால் சொன்னேன்.

மன்னரால்தான் சுற்றுலா வருமானம் என்கிறவர்களுக்கு: பிரான்சின் வேர்சாய் அரண்மனையில் மன்னர் இல்லை, கியூ இருக்கிறது. அடுத்தது.

கியூ என்றதும் ஒரு விசயம். இதை இதுவரை எழுதவில்லை, எழுத வெட்கமாக இருந்தது. 2022 செப்டெம்பரில் மகாராணியின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைத்திருந்தபோது இரண்டரை இலட்சம் பேர் அளவில் வரிசையில் நின்றார்கள் அல்லவா, அதில் நானும் நின்றேன். அம்மாவுக்காக. அம்மாவிடம் மகாராணியின் தலை போட்ட இலங்கை ஒரு ரூபாய்த் தாள் ஒன்று இருக்கிறது. நிலப் பத்திரம் தொலைந்தது, கலியாணப் படங்கள் தொலைந்தன, அந்தத் தாள் மட்டும் எந்த இடப்பெயர்விலும் தொலையவில்லை. முழங்கால் ஏலாது, "நீ போய் எனக்காக ஒருக்கால் கும்பிட்டிட்டு வா" என்றார். சவுத்வார்க் பார்க்கில் இருந்து இரவிரவாக நடந்தேன். கையில் கலர்ப் பட்டி. முன்னால் நின்ற பெண்மணி பிளாஸ்க்கில் இருந்த தேநீரில் எனக்கும் ஊற்றித் தந்தார். உள்ளே பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட இல்லை. கும்பிட்டேன். அழுகையும் வந்தது, ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆக, என்னை நன்றி கெட்டவன் என்றவர்களே, அந்த இரவு உங்களில் எத்தனை பேர் அங்கே நின்றீர்கள்? ரிவியில் பார்த்தீர்கள். தெரியும்.

அந்த வரிசையில் நின்றவர்கள் ஒரு மனிதிக்காக நின்றார்கள். எழுபது வருடம் அந்த அம்மா ஒரே மாதிரி இருந்தார், அதற்கு மரியாதை. அது பரம்பரைச் சொத்தாக அடுத்தவருக்குத் தானாகப் போகாது. அதை அரண்மனையும் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 30 அன்று மன்னரின் சொந்தத் தம்பி அன்ட்ரூவின் இளவரசர் பட்டத்தையே பிடுங்கப்போவதாக அறிவித்தார்கள். மனச்சாட்சி திடீரென்று விழித்ததா? சனம் என்ன நினைக்கிறது என்று பார்த்தார்கள், பயந்தார்கள். அந்தப் பயம் நல்லது. ஆனால் அப்போதும் அரியணை வரிசையில் எட்டாம் இடம் அவருக்கே இருந்தது. அதை எடுக்கச் சட்டம் வேண்டும். பாருங்கள், சட்டப்படி!

கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். 1999-இல் அவுஸ்திரேலியாவில் கேட்டார்கள். கிட்டத்தட்ட 55 வீதம் பேர் குடியரசு வேண்டாம் என்றார்கள். மகாராணியே இருந்தார். வானம் இடிந்து விழவில்லை. கரீபியன் தீவான பார்படோஸ் 2021-இல் மகாராணியை விட்டுக் குடியரசானபோது, அன்றைக்கு இளவரசராக இருந்த சார்ள்ஸே நேரில் போய் நின்று கைகொடுத்துவிட்டு வந்தார். அங்கெல்லாம் கேட்கலாம், விலகலாம். இங்கே 2022-இல் புதிய மன்னரைப் பிரகடனம் செய்தபோது ஒக்ஸ்போர்டில் ஒருவர் "இவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்று கத்தினார், பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். முடிசூட்டு நாளன்று காலை, மன்னராட்சி வேண்டாம் என்கிற 'ரிபப்ளிக்' அமைப்பின் தலைவரையும் சிலரையும் பதாகை கட்டும் பட்டிகளுக்காகப் பிடித்தார்கள், பிறகு பொலிஸ் வருத்தம் தெரிவித்தது. நன்றி, வருத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஊர்வலம் முடிந்துவிட்டது.

மன்னர் போனால் டிரம்ப் மாதிரி ஒருவர் வருவார் என்கிறவர்களுக்கு அயர்லாந்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு மணித்தியால விமானப் பயணம். பிரதமர் ஆட்சி நடத்துகிறார், சனம் வாக்களித்த ஜனாதிபதி ஒருவர் நாட்டின் முகமாக இருக்கிறார். யாரும் செத்துப்போகவில்லை.

இனி, இன்பொக்ஸில் வந்த ஒரே நியாயமான எதிர்ப்பு. இலங்கையின் பழைய அரசியலமைப்பில், சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் போடக்கூடாது என்றது 29ஆம் பிரிவு. அதை வைத்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: "மகாராணி இருக்கும்வரை எங்களுக்கு 29ஆம் பிரிவு இருந்தது. 1972-இல் குடியரசு எண்டு சொன்னான்கள், அதையும் தூக்கிப்போட்டான்கள். குடியரசு எங்களுக்கு என்ன தந்தது தம்பி?"

இதை இரண்டு நாள் யோசித்தேன். அக்கா சொன்ன கடைசிப் பாதி உண்மை. 72-இல் எங்களைக் கேட்காமல்தான் எழுதினார்கள், பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள், சிறுபான்மைக்கு இருந்த அந்த ஒரு கதவையும் மூடினார்கள். ஆனால் கதவு திறந்திருந்த காலத்தில் நடந்தது என்ன? சார்ள்ஸ் பிறந்த அதே 1948 நவம்பரில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். அப்போது இலங்கையின் மன்னர், சார்ள்ஸின் அம்மாவின் அப்பா. அந்த மலையகத் தமிழர் பக்கம் வழக்குப் போட்டு, அன்றைக்கு இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வந்தார்கள். 1953-இல், மகாராணி முடிசூடிய அதே வருடம், 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 56-இல் ஆட்சிமொழி சிங்களம் மட்டும் என்ற சட்டம். மகாராணியின் பெயரில்தான் அக்கா! 58 கலவரத்தில் தமிழரை வெட்டும்போது அரசின் தலைவி யார்? அந்த அம்மா ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்வீர்கள். அதுதானே நானும் கேட்கிறேன், ஒன்றும் செய்ய முடியாதவருக்கு ஏன் இவ்வளவு சத்தியம்? அம்மா அந்த ஒரு ரூபாயைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார். அது அம்மாவைக் காப்பாற்றவில்லை.

மன்னிக்கவும், பிரித்தானியாவைப் பற்றி எழுத வந்து வேறெங்கோ போய்விட்டேன். அக்கா மேல் கோபம் இல்லை. பதக்கத்தின் பெயரில் 'பேரரசு' என்று இருப்பதைப் பார்த்தபோதே மனதுக்குள் ஏதோ செய்தது, அதை மாஸ்டரின் நாளில் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூடிக்கொண்டு நின்றதுதான் வீடியோ ஆகிவிட்டது.

மாஸ்டர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. யார் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. வீடியோ எடுத்த தம்பி இதைப் படித்தால், முழுவதையும் அவருக்கு அனுப்பிவிடு, நான் சாப்பாட்டு மேசையில் சொன்னதையும் சேர்த்து. ஞாயிறு வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்து வகுப்புக் கதவு திறப்பேன், திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பதக்கத்தை நான் இன்னும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை, மாஸ்டர். கொண்டுவாருங்கள்.