வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்

இன்றைக்கு வேலி அடைத்தோம். ஆவணி பாதி போய்விட்டது. மழை தொடங்கமுதல் ஒரு பக்கத்தையாவது முடிக்கவேண்டும் என்று விடியவே இறங்கிவிட்டோம். கை முழுக்க ஓலை கீறின கோடு, இடுப்பும் நோகிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

போன கிழமை அண்ணா சுவிஸிலிருந்து போன் எடுத்தபோது, "இன்னும் ஓலையாலயே அடைச்சுக்கொண்டிருக்கிறாய்? காசு அனுப்புறன், சுத்திவர மதிலைக் கட்டு" என்றார். பாசத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த நேரம் சரியான பதில் வாயில் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், மதில் இல்லாத வீட்டு வளவு இப்போது மூன்றே மூன்று. அதனால் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

எழும்பினால் எனக்கு முதல் வேலை ஆடு. தாய் மறி ஒன்று, குட்டி இரண்டு. கொக்கத்தடியோடு வேலிக்கரையால் ஒரு சுற்று நடந்தால் அன்றைய குழை சேர்ந்துவிடும். கிளுவையில் கொஞ்சம், பூவரசில் கொஞ்சம், சீமைக்கிளுவையில் கொஞ்சம். முள்முருக்கங் குழையைக் கண்டால் குட்டிகள் காலுக்குள் வந்து இடறும். மாரியில் சில நாள் தவிர நான் காசு கொடுத்துத் தீன் வாங்குவதில்லை. மதில் வந்தால் இந்த மூன்று வாயும் எதைத் தின்னும்? அண்ணாவுக்கு இது முதல் பதில்.

பிறகு கோழி. சிவப்புப் பெட்டை அடை கிடக்கிறது, இன்றைக்கு 18ஆம் நாள். 21இல் பொரிக்கும். அதுவரை எங்கள் நாய் வீமனை அந்தப் பக்கம் விடக்கூடாது. அவன் கடிக்கமாட்டான், மணந்து பார்க்கத்தான் போவான், கோழிக்கு அது விளங்காது.

இனி வேலி. அடைப்பதைப் பார்க்காத பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆடியில் வெட்டிய பனையோலையை மிதித்து, அடுக்கி, மேலே கல் பாரம் வைத்திருந்தோம். இப்போது பலகை மாதிரிப் படிந்திருக்கிறது. பழைய ஓலையை அவிழ்த்தால் அடி முழுக்கக் கறையான். அது வீணில்லை, தென்னையடியில் கிடங்கு வெட்டித் தாட்டால் பசளை. புது ஓலையைக் கதியாலோடு, அதாவது வேலிக்கென்று நட்டுத் தளிர்த்த தடிகளோடு, ஒன்றன்மேல் ஒன்று அணைத்து நிறுத்தி, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்துக் கட்டவேண்டும். கட்டுவதற்குக் குத்தூசி, ஓலைக்கு ஊடாகக் குத்தும் நீள ஊசி. உள்ளே நின்று நான் குத்துவேன். வெளியே நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா ஊசியின் கண்ணில் நாரைக் கோத்துவிடுவார். நான் இழுத்து, வரிச்சுக்கு மேலால் எடுத்து, திரும்பக் குத்துவேன். ஓலை ஏறிவிட்டால் ஆளின் முகம் தெரியாது. "கோத்தாச்சு, இழு" என்ற குரல் மட்டும்தான் வரும்.

அப்படி மூன்று மணித்தியாலம் நின்றோம். இரண்டாவது வரிச்சுக் கட்டும்போது அக்கா தன் வீட்டு விசயம் ஒன்றைச் சொன்னார். மாதக்கணக்காக மனதில் வைத்திருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். முகத்துக்கு முகம் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்று மட்டும் நினைக்கிறேன். நான் ஊசியைக் குத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதைத்தான் அண்ணாவுக்குச் சொல்ல முடியாமல் போனது. வேலியை ஒராளால் அடைக்க முடியாது. வருடத்தில் ஒரு நாளாவது பக்கத்து வளவுக்காரரும் நானும் ஒரே ஊசியைப் பிடித்தே ஆகவேண்டும். மேசன் வந்தால் ஒரு கிழமையில் மதிலை எழுப்பிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைக்காமலே காலம் முழுக்க இருந்துவிடலாம்.

வேலியால் சண்டையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டு, தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் முடித்த கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சண்டை மதிலுக்கு அத்திவாரம் வெட்டும் அன்றைக்கும்தான் வருகிறது. ஓலை விலை, மரமேற ஆள் இல்லை என்பதெல்லாம் உண்மை, நானும் அலைந்தேன். ஓலை கிடைக்காத வருடம் தகரம் அடையுங்கள், கம்பி கட்டுங்கள். கதியாலைப் பிடுங்காதீர்கள்.

2000ஆம் ஆண்டு சண்டையில் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது நாங்களும் போனோம். 2002இல் சமாதான காலத்தில் திரும்பி வந்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை, நிலை இல்லை. முன் வீட்டு மதில் ஷெல் குண்டு விழுந்து கல்லாகக் கிடந்தது. ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாத பற்றை. எங்கள் எல்லைப் பூவரசுகள் மட்டும், வெட்ட ஆளில்லாமல், மரமாகி வரிசையாக நின்றன. அம்மா அந்த வரிசையைக் கையால் எண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, "இஞ்சதான் எங்கட வாசல் படலை" என்றார். அந்தப் பூவரசுகளில்தான் இன்றைக்கும் ஓலை கட்டினேன்.

இன்னொன்று தண்ணீர். எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். கிணற்றில் நாங்கள் அள்ளுவது சுண்ணக்கல்லுக்குள் இறங்கின மழை. மதில் கட்டுபவர்கள் அதோடு முற்றத்துக்கும் சீமெந்து போட்டுவிடுகிறார்கள். வளவுக்குள் ஊறவேண்டிய மழை ஒழுங்கைக்கு வந்து முழங்கால் அளவில் நிற்கிறது. வேலியடியில் மண் இருக்கிறது, அது குடிக்கும்.

பின்னேரம் மகளோடு திண்ணையில் இருந்து மூடுபெட்டி இழைத்தோம். குருத்தோலையை முதலே காயவிட்டு வெளுக்கவைத்து, ஒரு பங்கைச் சிவப்புச் சாயத்தில் அவித்து எடுத்திருந்தேன். சத்தகம் என்ற சின்னக் கத்தியால் ஈர்க்கை நீக்கி வார்வது என் வேலை. அடியை அவளே இழைத்தாள். மூலை திருப்பும் இடத்தில் மூன்று தரம் அவிழ்த்தாள், நாலாம் தரம் மூலை கூராக எழும்பியது. அதைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பூனை ஒவ்வொரு ஓலை நுனியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்காவின் பேரன் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிக்கொண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன ஓட்டையால், வந்தான். கையில் மூடின கிண்ணம், உள்ளே கத்தரிக்காய்ப் பால்கறி. பொட்டை அடைக்காமல் விட்டது நானும் அக்காவும் சேர்ந்து எடுத்த முடிவு. வீமனும் பூனையும் வேறு வழியால் போகப் பழகவில்லை.

பொழுதுபடுகிற நேரம் ஒழுங்கைக் கடைசி வீட்டார் வந்தார்கள். மகளுக்குக் கலியாணம், பந்தலுக்கு முதலில் நடும் கன்னிக்கால் ஊன்ற முள்முருக்கந் தடி ஒன்று வேணுமாம். அவர்களுடைய வேலியில் வரிசையாக நின்றது, போன வருடம் மதிலுக்காக எல்லாவற்றையும் தறித்துவிட்டார்கள். நேரான தடியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு வாருங்கள், நடுவதற்கும் கதியால் தருகிறேன் என்று சொல்லிவிட்டிருக்கிறேன்.

அண்ணா, மதிலுக்கென்று வைத்த காசு அப்படியே இருக்கட்டும். அடுத்த ஆடிக்கு நீங்களே வாங்கோ. மேற்குப் பக்கம் நீளம், அதற்கு ஊசி பிடிக்க ஆள் தேவை. கிழக்குப் பக்கம் நாளைக்கு. அக்கா ஐந்தரைக்கு வருகிறேன் என்றிருக்கிறார், நாரை ஊறப்போட்டுவிட்டேன்.