மூன்று லில்லியா, நிறைய லில்லியா?

உங்கள் கட்டுரையில் காட்டிய குட்டிப் போர்வீரர் பொம்மைகளின் வண்ணப்பூச்சு அருமை, ஆனால் ஒரு குறை. அதில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய 1356 புவாத்தியே போர் என்று போட்டுவிட்டு பிரெஞ்சு அரசர் இரண்டாம் ழானின் நீலக் கேடயத்தில் அரச சின்னமான தங்க லில்லிப் பூவை மூன்றே மூன்றாக வரைந்திருக்கிறீர்கள், அது அவர் மகன் ஐந்தாம் சார்லஸ் காலத்தில்தான், 1376 வாக்கில், வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு கேடயம் முழுக்கச் சின்னச் சின்ன லில்லிகள் இறைந்து கிடக்கும், ஓரத்தில் இருப்பவை பாதியாக வெட்டுப்பட்டே தெரியும். 28 மி.மீ. பொம்மையில் இதை வரைவது கண்ணைப் பிடுங்கும் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். நான் முழுப் பூவை வரைய மாட்டேன், மூன்று புள்ளி, கீழே ஒரு சின்னக் கோடு, தள்ளி நின்று பார்த்தால் லில்லிதான். அப்புறம் பிரெஞ்சுப் பிரபு கூசியின் கேடயத்தை யாராவது முயன்றிருக்கிறீர்களா? சிவப்புப் பட்டைக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாக கோயில் மணி வடிவில் வரிசையாக வரும் அணில்தோல் கோலம், எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.